விற்ற நிலத்தையே குத்தகைக்கு எடுக்கலாமா?

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் ஏரி நிரம்பினால் ரெட்டேரிக்கும் செல்வது சென்னையின் மேற்குப் புறத்தில் முன்னோர் அமைத்துவைத்த நீர்ப்பாசன ஏற்பாடாகும். கொரட்டூர் ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் ஆயக்கட்டு, அதாவது ஏரி மதகின் வழியே பாசனம் பெறும் உரிமை கொண்டிருந்த வயற்பரப்பு, வீட்டுமனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிவிட்டது. 1960களில் பாடியில் எழுந்த வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, பின்னர் வந்த வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாற்றங்களுக்குப் பிறகு, அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011இல் கொரட்டூரும் சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதியானது. கொரட்டூரில் முடிந்துவிட்ட இந்த நிகழ்வு பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அப்பால், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் நெல்வயல்களில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 2022இல் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட பிறகு, நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வியை எதிர்கொள்ளாத உழவர் குடும்பம் அப்பகுதியில் அரிது.

அந்தக் கேள்விக்கு, வைத்திருப்பது அல்லது விற்பது என்ற இரண்டு விடைகளோடு மூன்றாவதாக ஒரு வழியும் சொல்லப்படுகிறது. நிலத்தை விற்றுக் கைக்குப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, வாங்கியவரிடமிருந்தே அதைக் குத்தகைக்கு எடுத்து, தொடர்ந்து பயிரிடுவதே அந்த வழி. மண்ணில் முடங்கிக் கிடக்கும் செல்வத்தை வெளியே எடுத்துக் கடனை அடைக்கலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், முதுமைக்கு வைப்புத்தொகை போடலாம், அதே வேளையில் தெரிந்த தொழிலையும் விடாமல் செய்யலாம் என்பது இதை ஆதரிப்போர் வாதம். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேளாண் நிலத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு குத்தகையில்தான் பயிரிடப்பட்டது என்பதால், உழுபவர் உரிமையாளராகவும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். இந்த வாதம் தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையின் விளிம்பில், எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே ஆராயப்பட வேண்டியது.

உள்குடியும் புறக்குடியும்

நிலத்தின் உரிமை ஒருவரிடமும் உழவு மற்றொருவரிடமும் இருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. கொரட்டூர், அம்பத்தூர், பூந்தமல்லி முதலான ஊர்கள் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகிராக, அதாவது வருவாய் மானியமாக, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அதன் ஊர்களில் நிலவியது மிராசு முறை. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு உடையவர் மிராசுதாரர் எனப்பட்டார்; அவரிடமிருந்து நிலம் பெற்று உழுதவர் பாயக்காரி எனப்பட்டார். விளைச்சலில் அரசுக்குச் சேர்வது மேல்வாரம், உழுபவருக்குச் சேர்வது குடிவாரம். பாயக்காரி தன் பங்கிலிருந்து மிராசுதாரருக்குத் துண்டுவாரம் என்ற சிறு பங்கையும் தர வேண்டியிருந்தது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. குத்தகையாளர் எல்லோரும் ஒரே நிலையில் இருந்ததில்லை என்பதை அக்காலப் பதிவுகளிலிருந்து அறியலாம்.

பாயக்காரிகளில் உள்குடி என்றும் புறக்குடி என்றும் இருவகையினர் இருந்தனர். உள்குடிப் பாயக்காரி ஊரிலேயே நிலையாகக் குடியிருந்து, தலைமுறை தலைமுறையாக உழுதவர். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவரும் வரை அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் அந்த நிலத்தை அவர் விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. புறக்குடிப் பாயக்காரியோ வெளியூரிலிருந்து வந்து, ஆண்டுக்கு ஆண்டு பேசி முடிக்கும் ஏற்பாட்டின்படி உழுதவர். அடுத்த ஆண்டு நிலம் கிடைக்குமா என்பது அவர் கையில் இல்லை. இருவருமே நிலத்தின் உரிமையாளர் அல்லர் என்றாலும், ஒருவர் ஊரில் வேரூன்றி வாழ, மற்றவர் போகும் இடம் தேடிக்கொண்டே வாழ நேர்ந்தது. இன்று நிலத்தை விற்றுக் குத்தகைக்கு எடுக்க நினைக்கும் உழவர், அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு தாம் உள்குடியாக இருக்கப் போகிறோமா, புறக்குடியாக இருக்கப் போகிறோமா என்பதையே முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

உரிமையாளராக இருப்பதே எல்லாப் பாதுகாப்பையும் தந்துவிடும் என்றும் அந்த வரலாறு சொல்லவில்லை. 1794 முதல் 1798 வரை ஜாகிரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், வரியை உயர்த்தியபோது எதிர்த்து நின்ற பூந்தமல்லிப் பகுதி மிராசுதாரர்கள் சிலரின் மிராசையே பறித்தார். மறுபுறம், மிராசும் இல்லாமல் பாயக்காரி உரிமையும் இல்லாமல் பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிச் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அந்நிலங்களைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு அன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. வறுமையில் உள்ளவருக்கு விற்கும் உரிமையே நிலத்தை இழக்கும் வழியாகிவிடக் கூடும் என்ற அச்சமே அந்த நிபந்தனைக்குக் காரணம். நிபந்தனையையும் மீறிப் பெரும் பரப்பு கைமாறிப் போனது என்பது அந்த அச்சம் வீணானதன்று என்பதையே காட்டுகிறது.

வட்டியும் வாரமும்: ஒரு கணக்கு

விற்றுக் குத்தகைக்கு எடுப்பதன் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள, ஓர் ஏக்கர் நன்செய் நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு போகத்தில் 20 குவிண்டால் நெல் விளைவதாகவும், 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,300 ரூபாய் கிடைப்பதாகவும் வைத்துக்கொண்டால், மொத்த வரவு 46,000 ரூபாய். தமிழ்நாட்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நில உரிமையாளருக்கு அனுமதிக்கும் பங்கு மொத்த விளைச்சலில் 25 விழுக்காடு, அதாவது 11,500 ரூபாய். நவரை, சம்பா என இரண்டு போகம் எடுத்தால் ஆண்டுக் குத்தகை 23,000 ரூபாய் ஆகும்.

நகர விளிம்பில் அந்த ஏக்கர் 50 லட்ச ரூபாய்க்கு விலைபோனால், 6 விழுக்காடு வட்டியில் வைப்புத்தொகை ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் தரும். குத்தகையைக் கொடுத்தது போக உழவர் கையில் 2,77,000 ரூபாய் மிஞ்சுவதோடு, பயிர் வருமானமும் தொடரும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் வாங்குபவரின் பக்கத்திலிருந்தும் இதே கணக்கைப் போட வேண்டும். 50 லட்சம் போட்டவருக்கு ஆண்டுக்கு 23,000 ரூபாய் என்பது அரை விழுக்காடுகூட இல்லை. குத்தகை வருமானத்துக்காக அந்த விலையைக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். மனையாகவோ கிடங்காகவோ தொழிற்கூடமாகவோ மாற்றி ஆதாயம் பார்ப்பதற்காகவே வாங்குவார்கள். எனவே, அந்த மாற்றத்துக்கான அனுமதி கிடைக்கும் நாள் வரையில்தான் விற்றவருக்கு அந்த நிலத்தில் இடமுண்டு. நிலம் பாழாகாமல் காக்க ஆள் கிடைத்தது என்ற அளவிலேயே வாங்கியவர் அவரை வைத்திருப்பார்.

நகரத்துக்கு வெகு தொலைவில், ஏக்கர் 5 லட்ச ரூபாய்க்கு மட்டுமே விலைபோகும் ஊரில் இதே கணக்கு வேறு விதமாக முடிகிறது. அங்கே 5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 30,000 ரூபாய். குத்தகை 23,000 ரூபாய். மிச்சம் 7,000 ரூபாய்தான். விலை குறைவாக இருப்பதால் நிலம் வயலாகவே நீடிக்கும், குத்தகையும் நீடிக்கக்கூடும். ஆனால் அந்த 7,000 ரூபாய்க்காக ஒரு குடும்பம் தன் நிலவுரிமையை விட்டுக்கொடுப்பதில் பொருளில்லை. சுருங்கச் சொன்னால், விலை மிகுந்த இடத்தில் குத்தகை நிலைக்காது. குத்தகை நிலைக்கும் இடத்தில் விலை போதாது.

இந்தக் கணக்கில் சேராத செலவுகளும் உண்டு. வேளாண் நில விற்பனைக்கு வருமான வரி கிடையாது என்ற பொதுவான நம்பிக்கை நகர விளிம்பில் செல்லாது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாநகராட்சியின் எல்லையிலிருந்து, நேர்கோட்டில் அளந்து, 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேளாண் நிலம் மூலதனச் சொத்தாகவே கருதப்படுவதால், அதை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு வரி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வேளாண் நிலம் வாங்கினால்தான், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு கிடைக்கும். விற்ற நிலத்தைப் பின்னர் திரும்ப வாங்கலாம் என்று நினைப்பவர், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 விழுக்காட்டை, அதாவது 50 லட்சத்துக்கு நாலரை லட்ச ரூபாயை, அப்போது தாமே கட்ட வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலை வேறு அவர் தலைமேல் விழும்.

சட்டத்தின் காப்பும் வாய்மொழிக் குத்தகையும்

குத்தகையாளரைக் காப்பதில் தமிழ்நாட்டுச் சட்டங்கள் பின்தங்கியவை அல்ல. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தாரின் உழைப்பையோ செலுத்திப் பயிரிடுபவரை, குத்தகை பாக்கி, நிலத்துக்குச் சேதம், வேறு பயன்பாடு, உரிமையாளரின் உரிமையையே மறுத்தல் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது. 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் வாரத்துக்கு வரம்பு கட்டுகிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி குத்தகையாளர் தம் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள முடியும். இம்மூன்றும் முறையாக நடைமுறையில் இருந்தால், நிலத்தை விற்று அதையே உழுபவர் உள்குடிப் பாயக்காரிக்கு நிகரான பாதுகாப்போடு இருக்கலாம்.

ஆனால் சட்டம் இவ்வளவு காப்புத் தருவதாலேயே, குத்தகைக்கு விடுவோர் அதை எழுத்தில் வைக்கத் தயங்குகின்றனர். குத்தகைச் சீட்டு எழுதினால் நிலம் திரும்பி வராது என்ற அச்சத்தில் வாய்மொழியாகவே பேசி முடிப்பதும், ரசீது கொடுக்காமல் வாரத்தைப் பெற்றுக்கொள்வதும், போகத்துக்குப் போகம் ஆளை மாற்றுவதும் வழக்கமாகிவிட்டன. மனைப்பிரிவுக்காக நிலம் வாங்குபவர் இந்த வகையில் இன்னும் கவனமாகவே இருப்பார். ஊரறிய உழுதாலும், அடங்கலில் பெயர் இல்லையென்றால் அந்த உழவருக்குச் சான்று இல்லை. அடங்கல் என்பது எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிரிட்டிருக்கிறார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பசலி ஆண்டுதோறும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டுதோறும், எழுதிவரும் கணக்காகும். விற்ற பிறகு பட்டா வாங்கியவர் பெயருக்கு மாறிவிடும்; அடங்கலில் குத்தகையாளர் பெயர் தானாக ஏறிவிடாது.

பட்டா கைமாறுவதோடு அதைச் சார்ந்த பலவும் கைமாறுகின்றன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் உழவர் நிதியுதவித் திட்டம் நிலவுரிமை உள்ள குடும்பங்களுக்கே உரியது. குத்தகையாளருக்கு அது இல்லை. 1990 முதல் தமிழ்நாட்டு உழவர்களுக்குக் கிடைத்துவரும் கட்டணமில்லா மின்சாரம் நிலத்துக் கிணற்றின் இணைப்போடு வருவது; கிணறு யாருடையதோ மின்இணைப்பும் அவருடையதே. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படும். அரசு நிலத்தைக் கையகப்படுத்தினால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்றாண்டுகளாகப் பயிரிட்டு அதையே வாழ்வாதாரமாகக் கொண்ட குத்தகையாளரும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதப்பட்டு மறுவாழ்வுப் பயன்களைப் பெறலாம் என்றாலும், நிலத்தின் இழப்பீடு உரிமையாளருக்கே சேரும். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு, உரிமையாளருக்கும் குத்தகையாளருக்கும் இடையிலான இந்த வேறுபாடு அப்பகுதி மக்களுக்குப் படிக்காமலே புரிந்துவிட்ட பாடம்.

கிரயமா, அடமானமா?

விற்றுக் குத்தகைக்கு எடுப்பது சில வேளைகளில் உண்மையான விற்பனையாகவே இருப்பதில்லை. அவசரத்துக்குப் பணம் தேவைப்படும் உழவரிடம், கடன் கொடுப்பவர் அடமானப் பத்திரத்துக்குப் பதிலாகக் கிரயப் பத்திரமே எழுதி வாங்கிக்கொண்டு, பணம் திரும்பியதும் நிலத்தைத் திருப்பி எழுதித் தருவதாக வாயால் சொல்லிவிடுகிறார். உழவர் அதே நிலத்தில் உழுதுகொண்டு ஆண்டுதோறும் கொடுப்பதற்குக் குத்தகை என்று பெயர். உண்மையில் அது வட்டி. திருப்பி எழுதிக் கேட்கும் நாளில் நிலத்தின் விலை இரட்டிப்பாகியிருந்தால், வாய்ச்சொல் நினைவுக்கு வராது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இத்தகைய ஏற்பாட்டை நிபந்தனைக் கிரய அடமானம் என்ற பெயரில் அங்கீகரிக்கிறது. ஆனால் பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும் என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1929இல் அதற்குத் திருத்தம் வந்தது. நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்து அது அடமானம் எனக் கருதப்பட்டால், நிலத்தை மீட்க வழக்குத் தொடர 30 ஆண்டுக் கால வரம்பு உண்டு. தனித்தாளில் எழுதிய மறுகிரய ஒப்பந்தமாக இருந்தால், குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். ஒத்தி அல்லது போக்கியம் எனப்படும் பழைய முறையில், பணம் கொடுத்தவர் நிலத்தை அனுபவித்து விளைச்சலையே வட்டியாக எடுத்துக்கொண்டாலும், உரிமை உடையவரிடமே நின்றது. பணத்தேவை தற்காலிகமானதாக இருக்கும்போது கிரயம் எழுதிக்கொடுப்பதைவிட அடமானம் வைப்பதே மேல் என்பதை இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

நிலத்தின் உடையவர் யார் என்பதே முக்கியம்

குத்தகை என்றாலே நிலையின்மை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய பர்கா நடவடிக்கை, பங்குக்கு உழுதவர்களின் பெயர்களைப் பெருமளவில் பதிவுசெய்து, வெளியேற்றத்திலிருந்து அவர்களைக் காத்தது. நிலத்தின் உடைமை மாறாமலே, பாதுகாப்பு கூடியதால் விளைச்சலும் கூடியது என்று அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட மூவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சீனாவில் உழவர் எவருக்கும் நிலம் சொந்தமில்லை. ஊர்க்கூட்டமைப்புக்குச் சொந்தமான நிலத்தை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பயிரிடுகின்றன. பிரான்சில் 2003இல் தோன்றிய ‘டெர் தெ லியேன்’ என்ற அமைப்பு, பொதுமக்களின் சேமிப்பைக் கொண்டு பண்ணை நிலங்களை வாங்கி, அவை மனைகளாக மாறாதவாறு வைத்திருந்து, உழவர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. இவற்றில் குத்தகை நிலைப்பதற்குக் காரணம், ஓர் இடத்தில் அரசு சட்டத்தைக் களத்தில் நிறைவேற்றியது. மற்ற இடங்களில் நிலத்தின் உடையவரிடம் அதை விற்று ஆதாயம் பார்க்கும் நோக்கம் இல்லாதது.

தமிழ்நாட்டில் அத்தகைய உடையவர் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைக் குத்தகையாளர்களே உழுகின்றனர். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் தேவை என்ற விதி கோயில் சொத்தைக் காப்பதற்காக வந்தது. ஆனால் நீண்டகாலத்துக்கு நிலத்தை நம்பிக் கிணறு வெட்டவோ தென்னை வைக்கவோ நினைப்பவருக்கு அது தடையாகவும் இருக்கிறது. நகர விளிம்பில் வயலை வயலாகவே வைத்திருக்க அரசு விரும்பினால், உழவரிடம் நிலத்தை வாங்கி அவருக்கே நீண்டகாலக் குத்தகைக்கு விடும் பொது அமைப்பு ஒன்றைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். அந்த வடிவத்தில்தான் விற்றுக் குத்தகைக்கு எடுப்பது உழவருக்கும் ஊருக்கும் நன்மை தரும் ஏற்பாடாக இருக்க முடியும்.

முடிவெடுக்கும் முன்

அத்தகைய அமைப்பு இல்லாத இன்றைய நிலையில், சிறு உழவர் தம் நிலத்தைத் தனியாரிடம் விற்று அதையே குத்தகைக்கு எடுப்பது பொதுவாக நல்ல முடிவன்று. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைந்த இந்த உடைமையை இழந்தவர் அதே ஊரில் மீண்டும் நிலம் வாங்குவது அரிது. உழவிலிருந்து ஓய்வுபெற எண்ணும் முதியவருக்கும், தொழிலை மாற்ற முடிவுசெய்துவிட்டவருக்கும், சில ஆண்டுகள் மட்டும் பயிரிட்டால் போதும் என்பதால், இந்த ஏற்பாடு பொருந்தலாம். கடனுக்காக விற்க நேர்பவர், முழுவதையும் விற்றுக் குத்தகையாளர் ஆவதைவிட, கடனுக்குப் போதுமான பகுதியை மட்டும் விற்று, கிணறும் பாதையும் உள்ள பகுதியைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வது மேல்.

அதையும் மீறி விற்றுக் குத்தகைக்கு எடுப்பவர் சில காரியங்களைக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே செய்துகொள்ள வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு பேரம் பேசும் வலிமை அவரிடம் இருக்காது. குத்தகை ஓர் ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் அது பதிவு அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். குத்தகைக் காலம் நாட்காட்டித் தேதியில் முடியாமல், நவரையோ சம்பாவோ அறுவடையாகிக் களத்தைக் கடக்கும் வரை நீளும் என்றும், நிற்கும் பயிரோடு வெளியேற்றினால் இழப்பீடு எவ்வளவு என்றும் எழுதப்பட வேண்டும். கிணறு, மின்இணைப்பு, வரப்பு மரங்களின் மகசூல் ஆகியவை யாருக்கு என்பது குறிக்கப்பட வேண்டும். நிலத்தை வாங்கியவர் மறுபடி விற்க நேர்ந்தால் முதல் வாய்ப்பு குத்தகையாளருக்கு என்ற நிபந்தனையும், கொடுத்த வாரத்துக்கு ஒவ்வொரு போகமும் ரசீதும், அடங்கலில் பெயரும் கேட்டுப் பெற வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் இணங்காத ஒருவர் நிலத்தை வாங்க வந்தால், அவர் தர முன்வருவது குத்தகை அல்ல, காலி செய்வதற்கான தவணை மட்டுமே என்று உழவர் புரிந்துகொள்ள வேண்டும்.